சாந்திதாமாவில் ஒரு ராத்திரி பார்க்கிங்

"கஸ்டமர் தூங்கலேன்னா நீ வீட்ல போய்த் தூங்கு ரே. வண்டிக்கு வேற டிரைவர் பாத்துக்கறேன்."

போனில் இப்படிச் சொன்னவர் எங்கள் ஓனர் பாய். அவருடையது கேம்பர் வேன். கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும். பெங்களூரில் கிளம்பி ஊர் ஊராகச் சுற்றுவோம். ராத்திரி அமைதியான இடமாகப் பார்த்து நிறுத்தினால் கஸ்டமர் உள்ளே தூங்குவார்கள், டிரைவர் முன் சீட்டில்.

அதை முன்பு ஓட்டியது என் அண்ணன் அருள். போன லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாளில், நெஞ்சு வலிக்குது என்றான், ஆஸ்பத்திரி போவதற்குள் போய்விட்டான். காக்ஸ் டவுனில் வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டி கழுவிக்கொண்டிருந்த என்னிடம் பாய் சாவியைக் கொடுத்தார். ஸ்டீயரிங் கவரில் அண்ணன் கை தேய்ந்த இடம் அப்படியே இருந்தது. அதை இன்னொருத்தன் பிடித்து ஓட்டுவதை என்னால் பார்க்க முடியாது. அதனால்தான் அந்த போனுக்குப் பயந்தேன்.

முதல் டிரிப்பில் கார்த்திக் சார், அவர் சம்சாரம் திவ்யா மேடம். முதல் ராத்திரி பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். விடிய விடிய லாரி ஹாரன். அடுத்த ராத்திரி ஏரிக்கரை. தவளைச் சத்தம் தாங்கவில்லை.

"இதுக்கு ஸ்விட்ச் எங்கப்பா இருக்கு?" என்று சார் கேட்டார். மேடம் நேராக பாய்க்கு போன் போட்டுவிட்டார். அதற்கப்புறம்தான் பாயிடமிருந்து எனக்கு அந்த போன்.

மூன்றாவது நாள் சாயங்காலம் நெலமங்கலா பக்கம் ஒரு இளநீர்க்காரரிடம் சத்தமில்லாத இடம் கேட்டேன்.

"சாந்திதாமா இதெ. நேரா ஹோகி. அல்லி யாரூ மாத்தாடல்ல," என்றார். சாந்திதாமா இருக்கு, நேராகப் போங்கள், அங்கே யாரும் பேசமாட்டார்கள் என்று அர்த்தம். சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கன்னடம் தண்ணீர் மாதிரி பேசுவேன். ஆனால் எழுத்துக் கூட்டக்கூட வராது. ஏழாவதோடு படிப்பை விட்டவன், அதிலும் தமிழ் மீடியம். கேட்டில் இருந்த பெரிய போர்டு எனக்கு வெறும் படம். உள்ளே வண்டி திருப்ப இடம், தண்ணீர்க் குழாய், லைட், பெஞ்ச், பூச்செடி எல்லாம் இருந்தது. நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு மேடை.

"பார்பிக்யூ போட மேடையே கட்டியிருக்காங்க திவ்யா! காலைல தோசை அங்கதான்," என்றார் சார்.

இரண்டு பேரும் குறட்டை விட்டுத் தூங்கினார்கள். நானும்தான்.

காலையில் ஒரு ஆள் கண்ணாடியைத் தட்டினார். "காடி தெகிரி. பாடி பர்த்தா இதெ."

பாடி வருகிறது, வண்டியை எடு என்கிறார். எங்கள் தொழிலில் பாடி என்றால் வண்டிக்குக் கட்டுகிற பாடி. "லாரிதா, பஸ்தா?" என்று, எந்த வண்டியுடையது என்று கேட்டேன்.

"மனுஷந்து," என்றார். மனுஷனுடையது.

எங்களில் புதைப்பதுதான் வழக்கம். எரிக்கிற மேடையை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. திரும்பினால் சார் தோசைக்கல்லோடு மேடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறார்.

"சார், வேணாம் சார்! சுடுகாடு சார்!"

தோசைக்கல்லை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வேனுக்குள் ஏறிவிட்டார்.

அதற்குள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வேனை நகர்த்த வழியில்லை. ஓரமாகக் கைகட்டி நின்றேன். ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, செத்தவருக்கு நான் என்ன வேண்டும் என்று கேட்டார். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. "தம்மா," என்றேன். தம்பி. சொன்னதும் அழுகை பிய்த்துக்கொண்டு வந்தது. அண்ணனைப் புதைத்த அன்று பூ, பஸ், டீ என்று ஓடியதில் நான் அழவே இல்லை.

நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, செத்தவரின் அக்கா போல, நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏய், நம்ம அப்பனிகெ இன்னொப்ப மக இத்னா?"

அப்பாவுக்கு இன்னொரு மகன் இருந்தானா என்கிறார்! எல்லாத் தலையும் திரும்பியது. "ஐயோ இல்லம்மா, எங்க அண்ணன், அது வேற," என்று அழுதுகொண்டே தமிழும் கன்னடமுமாக வேனைக் காட்டிச் சொன்னேன். செத்தவருடைய நிஜத் தம்பி என் கையைப் பிடித்தார். "அளு மாராயா. அண்ண அந்த்ரெ அண்ணனே," என்றார். அழு, யாருக்கு இருந்தாலும் அண்ணன் அண்ணன்தான் என்று. அவர் பக்கத்திலேயே நின்று, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தேன்.

வேனுக்குள் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"மூணு நாள்ல நேத்துதாங்க தூங்கினேன். பாய்கிட்ட நானே பேசிக்கறேன். எங்க மாமியாருக்கு மட்டும் தெரிய வேணாம்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பசங்களுக்குச் சொல்கிறேன். நிறுத்தும் முன் போர்டை யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். வழி சொல்கிறவர் சிரித்தால் ஏன் என்று கேளுங்கள்.

சாயங்காலம் பாய் போன் செய்தார். "சாபாஷ் ரே! மேடம் ஒரே புகழ்ச்சி, ரொம்ப தாரீஃப் பண்ணாங்க. அவ்ளோ அமைதியாமே? அந்த லொகேஷன் அனுப்பு, இனிமே எல்லா கஸ்டமரையும் அங்கயே தங்க வெப்போம்."

"எல்லாரும் ஒருநாள் அங்க வர்றவங்கதான் பாய்," என்றேன். "நாம எதுக்கு அட்வான்ஸ் புக்கிங் பண்ணணும்?"