வெர்னிடம் கேட்காத கேள்வி

ஸ்போகேன் நகரத்துக்கு வடக்கே எங்கள் ஊரில் துப்பாக்கிக்கடை வைத்திருப்பவள் டார்லா ஹப்னர். தன் கடைக்கு விளம்பரமே வேண்டாம், அரசாங்கம் போதும் என்பாள். தலைநகரில் எவனாவது துப்பாக்கிக்குப் புதுச் சட்டம் என்று வாயைத் திறந்தால், அது வருமுன் வாங்கிவிட மறுநாளே ஜனம் முண்டியடிக்கும். பின்கட்டில் துப்பாக்கி பழுதுபார்க்கும் எனக்கு அன்றைக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடையாது.

டார்லாவுக்கு ஒரு பழக்கம். யார் வந்தாலும் "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரியைத் திறப்பாள். மான், திருட்டுப் பயம், சும்மா ஆசை, எதுவானாலும் வாயால் சொல்ல வேண்டும். பதில் மனசுக்குப் படவில்லையென்றால், "ஸ்டாக் இல்ல, போ" என்பாள். சுவர் நிறையத் துப்பாக்கி தொங்கிக்கொண்டிருக்கும்.

புத்தாண்டிலிருந்து யாராயிருந்தாலும் பத்து நாள் பொறுத்துத்தான் துப்பாக்கியை எடுத்துப்போக முடியும் என்று சட்டம் வந்தது. "பத்து நாளா? மான் என்ன, மரத்தடியில காத்துக்கிட்டு நிக்குமா?" என்று டார்லா வாரக்கணக்கில் திட்டினாள். டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை வரிசை வாசலைத் தாண்டிப் பனியில் நின்றது. அன்று அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் வந்த காரணம்தான் ஊருக்கே தெரியுமே.

வரிசையில் வெர்ன் ஆல்ஸ்டட்டும் நின்றார், எழுபது வயது. "பெரியவர் குளிர்ல நிக்கிறாரு, வழி விடுங்கப்பா" என்று டார்லாவே முன்னால் கூப்பிட்டாள். "உங்களையும் பயமுறுத்திட்டானுங்களா?"

வெர்ன் சிரித்தார். துப்பாக்கிப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"சம்சாரம் பெக்கி செத்ததும் வெர்ன் தன் துப்பாக்கியெல்லாம் நம்மகிட்டதானே வித்தாரு? இனி வேட்டையே இல்லைன்னாரே."

"ஆமா" என்றேன்.

"அப்போ தன்னையே முடிச்சுக்கத்தான் வாங்கியிருக்காரு. நான்தான் வழிவிடச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தேன்."

ஓடிப்போய் அவள் வண்டியில் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

வெர்ன் தன் வீட்டுச் சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே பெட்டி பிரிக்காமல் இருந்தது. டார்லா நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு வாங்கினீங்க வெர்ன்?"

அவர் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஸ்போகேன்ல எத்தனையோ கடை இருக்கு. நீ கேப்பேன்னுதான் உன் கடைக்கு வந்தேன்."

டார்லா பெட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். ஆணியில் தொங்கிய அவருடைய கோட்டை எடுத்து உதறினாள்.

"மாட்டுங்க. எங்க வீட்டுக்குப் போறோம்."

அவர் கையை நீட்டினார். ஒவ்வொரு கையாக அவளே மாட்டிவிட்டாள்.