இரண்டு கமீலாக்கள்

“கோவிக்காதீங்க, உங்கட வாப்பாட வாப்பாக்கு என்ன பேரு?”

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி ஸம்றா கேட்கிறாள். மறுமுனையில் சம்மாந்துறைப் பெரியவர் ஒருவர் சிரிக்கிறார். “என்ன மகள், மாப்பிள கீப்பிள பாக்கீங்களா?” அவளும் சிரிக்கிறாள். ஆனால் பதில் வரும்வரை விடமாட்டாள். பாட்டனாரின் பெயரைத் தட்டச்சு செய்த பிறகுதான் அந்தப் பதிவை மூடுவாள்.

கல்முனையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மாடி. ஏ.சி. குளிருக்கு அபாயாவின் மேல் கம்பளிச் சட்டை ஒன்றையும் போட்டுக்கொண்டு நோயாளர் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். பட்டம் ஒலுவில் கம்பஸில் எடுத்தது. வேலை கற்றது இந்தக் கதிரையில். கொழும்பிலிருந்து ஆள் வரட்டும் என்று கிடந்த கோளாறுகளை, வாசித்தும் கெடுத்தும் மறுபடி கட்டியும் தானே தீர்க்கப் பழகினாள். கீழே எது நின்றுபோனாலும் வரவேற்பு மேசைப் பெண்கள் “ஸம்றாவக் கூப்பிடுங்ககா” என்பார்கள். கணினி எதையாவது தேடிக்கொண்டிருக்கும்போது அவள் திரையைப் பார்க்கமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே காகங்களைப் பார்ப்பாள். “நாம பாத்துக்கிட்டு நிண்டா அதுக்கும் வெக்கம் வரும்.”

இந்தக் கரையோர ஊர்களில் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரே பெயர், ஒரே முதலெழுத்து. போதாததற்கு, ஒரே ஆள் ஒருமுறை ‘றஸ்மி’ என்றும் மறுமுறை ‘ரஷ்மி’ என்றும் பதிவாகியிருப்பார். ஒருவரைத் தேடினால் நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். இப்படிப் பாட்டனார் பெயர் கேட்கத் தொடங்குவதற்கு முன்பு, பெயரும் பிறந்த திகதியும் ஒத்துப்போகும் பதிவுகளை ஒன்றாக்கிவிடும்படி ஸம்றா ஒரு கட்டளை எழுதினாள். அதை ஓடவிட்ட பிறகு வரவேற்பு மேசையில் வரிசையே குறைந்துபோனது. நிர்வாகி முபாறக் எல்லோர் முன்னாலும் அவளைப் புகழ்ந்தார். வட்டிலப்பம் வாங்கிக் கொடுத்தார்.

ஓடவிடுமுன் ஒரு சந்தேகம் வந்ததுதான். நெரிசலான நேரங்களில் வயதை மட்டும் கேட்டு, பிறந்த திகதியை ஜனவரி முதலாம் நாள் என்று போட்டுவிடுவது கீழே வழக்கம். அப்படிப்பட்ட பதிவுகளை ஒதுக்கிவைத்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். மறுநாள் நிர்வாகக் கூட்டம் இருந்தது. முபாறக் இரண்டு தரம் மாடிக்கு வந்து, முடிந்ததா என்று கேட்டார். பிறகு பார்க்கலாம் என்று விட்டாள். பாராட்டும் வேண்டியிருந்தது அவளுக்கு.

நிந்தவூரில் ஒரு கமீலா, பாலர் பாடசாலை ஆசிரியை. ஒலுவிலில் இன்னொரு கமீலா. ஒரே முதலெழுத்து, ஒரே வயது, இருவருக்கும் ஜனவரி முதலாம் நாள். கட்டளை இருவரையும் ஒருவராக்கியது. ஒலுவில்காரியின் தொலைபேசி இலக்கம் மட்டும் மிஞ்சியது.

நிந்தவூர் கமீலா, மார்பிலிருந்த சின்னக் கட்டிக்குச் சோதனை செய்துவிட்டுப் போயிருந்தாள். ‘அறிக்கை வந்துவிட்டது, உடனே டொக்டரைச் சந்திக்கவும்’ என்ற குறுஞ்செய்தி ஒலுவிலுக்குப் போனது. தன் சீனிச் சோதனையைப் பற்றியதாக்கும், அந்த அறிக்கையைத்தான் எடுத்தாயிற்றே என்று அந்தக் கமீலா செய்தியை அழித்துவிட்டாள். நிந்தவூரில் கமீலா நிம்மதியாக இருந்தாள். “பயப்படுற மாதிரி என்னவும் எண்டா கூப்பிட்டிருப்பாங்கதானே.”

கட்டி பெருத்த பிறகுதான் வந்தாள். ஸம்றா பதிவைத் திறந்தாள். அதிலிருந்த இலக்கம் ஒலுவில்காரியுடையது. இரண்டு பதிவுகளை யார் ஒன்றாக்கினார் என்று காட்டும் பகுதியையும் முன்பு அவள்தான் அமைத்திருந்தாள். அதில் அவள் பெயர் இருந்தது.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மார்பையே எடுக்க வேண்டியதாயிற்று. அப்போதே வந்திருந்தால் கட்டியோடு போயிருக்கும் என்று டொக்டர் சொன்னது மாடிக்கும் எட்டியது. முபாறக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சிஸ்டம் பிழை எண்டு எழுதுவம். ஆக்கள்ட பேரு வேணாம்.” ஸம்றா “ஓம்” என்றாள். செய்த பிழையைவிட அந்த ‘ஓம்’தான் அவளை அதிகம் அரித்தது.

சிகிச்சை முடிந்து கமீலா வீடு திரும்பியதும், ஸம்றா அப்பிள்களோடு நிந்தவூர் பஸ்ஸில் ஏறினாள். கமீலா முகம் மலர்ந்து கூப்பிட்டாள். ஆண்கள் வீட்டில் இல்லை. முக்காடு கழுத்தில் தளர்ந்து கிடந்தது. தலையில் புதுமயிர் குஞ்சுக்குருவிக்குப் போல முளைத்திருந்தது.

“ஆஸ்பத்திரியால ஒருத்தரும் வரல்ல. நீங்க ஒராள்தான் வந்தீங்க. அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும் மகள்.”

“ராத்தா...”

“சிஸ்டம் பிழைச்சா மனிசர் என்ன செய்ற?”

“சிஸ்டம் பிழைக்கல்ல ராத்தா. நான்தான். உங்களையும் இன்னொராளையும் ஒராளாக்கினது நான். கேட்டுப் பாக்கணும் எண்டு தெரியும். கேக்கல்ல.”

வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் தெருமுனை திரும்பியது. கமீலா, அந்நிய ஆண் ஒருவர் வாசலில் வந்து நின்றதுபோல, கழுத்தில் கிடந்த முக்காட்டை மெல்ல இழுத்துத் தலையைப் போர்த்தி, அதன் முனையால் மார்பை மூடிக்கொண்டாள்.