மச்சானின் கப்பலடுப்பு

அதற்கு ஒரு குண்டு வயிறு. வயிற்றின் முன்புறத்தில் விறகு வைக்க அகன்ற வாய். மேலே, கதிரையில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் தலைக்கு மேல் புகை போகுமளவுக்கு நீண்ட கழுத்து. எல்லாமே சுட்ட களிமண். மூன்று கால் வைத்த இரும்பு வளையமொன்றில் அது எங்கள் வளவின் நடுவே குந்தியிருப்பதைப் பார்த்தவர்கள், யாரையோ ஏசுவதற்கு வாயைத் திறந்த ஆளைப்போல இருப்பதாகச் சொல்லிச் சிரிப்பார்கள். ஸ்பானிய மொழியில் அதற்கு அழகான பெயரொன்று உண்டென்று மச்சான் சொல்வார். எங்கள் தெருவில் அந்தப் பெயர் ஒருவர் நாக்கிலும் நிற்கவில்லை. கப்பல்காரர் கொண்டுவந்த யோசனை என்பதால் கப்பலடுப்பு என்றார்கள், அப்படியே நிலைத்துவிட்டது.

மச்சான் என்று இளையவள் நான் சொல்வது என் அக்காவை, எங்கள் வழக்கில் ராத்தாவை, கட்டியவரை. எங்கள் கல்முனைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து சேருவார். எழுபதுகளின் கடைசியில் அவர் வந்தபோது ஒரு தோல்பெட்டியும் ஓயாத கதைகளும் கொண்டுவந்தார். வெளிநாட்டுக் கப்பலொன்றின் இயந்திர அறையில் வேலை செய்தவர். அடுத்த பயணத்துக்குக் கொழும்பு முகவர் ஆளனுப்பும்வரை எங்களோடு இருந்தார். வாப்பாவுக்கு இறக்காமத்துப் பக்கம் வயல். ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன் அதை இரண்டுமுறை திருப்பிப் பார்ப்பவர். அந்த நாளில் மருமகன் மாமனுக்கு முன்னால் கதிரையில் இருக்கமாட்டார். மாமனும் மருமகனோடு நேரே கதைக்கமாட்டார். “மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லு” என்று வாப்பா உம்மாவிடம் சொல்வார். முற்றத்தில் நிற்கும் மச்சானுக்கு அது உம்மா வாயால் வருமுன்னரே கேட்டிருக்கும். ஆனாலும் உம்மா சொல்லி முடிக்கும்வரை தலையைக் குனிந்து காத்திருப்பார். இருவரும் நல்ல மனிதர்கள். ஒரே கூரைக்குக் கீழே, ஒருவரையொருவர் தெரியாமல் இருந்தார்கள்.

மாரி மழை தொடங்கியதும் மச்சானுக்குப் பொழுது போகவில்லை. கடல் கறுத்துக் கிடந்தது, வாடைக்காற்று சாரனைப் பிடுங்கியது, நுளம்புக்கடி வேறு. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு குசினி வாசலில் நின்றுகொண்டு அவர் எங்களுக்கு அந்த அடுப்பின் கதையைச் சொன்னார். அமெரிக்கக் கரையில் தெற்கே ஏதோ ஒரு துறைமுகம்; விடாத தூறல்; மூட்டை இறக்குபவர்கள் வேலை ஓய்ந்த நேரத்தில் இப்படியொரு மண்பானையைச் சுற்றி இருந்து சோளம் சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்களாம். மொழி தெரியாத அவரையும் கூப்பிட்டு இருக்கவைத்துக் கையில் ஒரு சோளத்தைத் திணித்தார்களாம். “அண்டைக்குத்தான் எனக்கு வீடு நெனப்பு வந்த” என்றார். ராத்தா வேறு பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன்.

மட்பாண்டம் செய்யும் குடும்பமொன்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. மச்சான் மணலில் படம் கீறிக் காட்டி ஒன்று செய்வித்தார். அவர்களுக்குப் பழக்கமானது தண்ணீர்க் குடம். ஆகவே சுவர் மெல்லியதாக, தட்டினால் கிணுங்கென்று ஒலிப்பதாக வந்தது. மச்சானுக்கு இருந்த ஆசையில் அடுப்பு வந்த அன்றே வாய்நிறையச் சிரட்டையை அடைத்து மூட்டினார். சிரட்டை நெருப்பின் வேகம் எங்கள் பெண்களுக்குத் தெரியும். உம்மா வேண்டாமென்று சொல்லத்தான் செய்தார். கொஞ்ச நேரத்தில் கழுத்தின் வழியே சுவாலையே வெளியே வந்தது. பொறியொன்று பறந்துபோய்க் கிடுகு வேலியில் விழுந்து கருகல் மணம் எழும்ப, வயலிலிருந்து அப்போதுதான் வந்த வாப்பா கிணற்றடியிலிருந்த வாளியைத் தூக்கி வேலிக்குக் கொஞ்சம், அடுப்புக்கு மிச்சம் என்று ஊற்றினார். அடுப்பு சத்தத்தோடு இரண்டாகப் பிளந்தது.

வாப்பா ஏசவில்லை. ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும். அவருடைய சின்ன வயதில் அவர்களுடைய தெருவே கிடுகுக் கூரைகளோடு எரிந்துபோனதாம். ஒரு அடுப்பை அணைக்க மறந்ததில் தொடங்கிய நெருப்பு. அதை அவர் எங்களுக்குச் சொன்னதேயில்லை. அன்றைக்கு உம்மா மச்சானைத் தனியே கூப்பிட்டுச் சொன்னபோதுதான் நானும் கேட்டேன். மச்சான் அந்த உடைந்த பாதிகளைப் பொறுக்கி அடுக்கினார். பிறகு, இன்னொன்று செய்தால் மாமா ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டார். உம்மா போய்க் கேட்டுவந்த பதில்: வேலியிலிருந்தும் கூரை விளிம்பிலிருந்தும் தூரத்தில், வளவின் நடுவே, பக்கத்தில் ஒரு கடகப்பெட்டி மணல், காற்றடிக்கும் நாளில் தொடவே கூடாது.

இரண்டாவது அடுப்பு வேறு மாதிரி வந்தது. இந்தமுறை மச்சான் அவசரப்படவில்லை. களிமண்ணில் மணல் கூடுதலாகச் சேர்த்து, சுவரை ஓர் அங்குலத்துக்கு மேல் தடிப்பாக வைக்கச் சொன்னார். சுட்டு வந்ததைத் தூக்கிப் பார்த்து, சுற்றிவரத் தட்டிப் பார்த்து, கழுத்தும் வயிறும் சேருமிடத்தில் விரலால் தடவி வெடிப்புத் தேடினார். ஆட்டமில்லாமல் நிற்பதற்குக் கொல்லனிடம் அந்த இரும்பு வளையத்தை அடிப்பித்தார். அடியில் மணல் போட்டு, வாயின் விளிம்புக்குச் சற்றுக் கீழேவரை நிரப்பினார். நெருப்பு மண்ணில் நேரே படக்கூடாதாம். பொறி பறக்காதிருக்கக் கழுத்தின் நுனியில் கோழிக்கூட்டுக் கம்பிவலையை வெட்டிச் செருகினார். பிறகு தொடங்கியது ஒரு வாரக் கூத்து. முதல் நாள் ஒரு பிடி சுள்ளி, அவ்வளவுதான்; ஆறவிட்டார். அடுத்த நாள் கொஞ்சம் கூட. இப்படிப் பச்சைப்பிள்ளைக்குச் சோறு பழக்குவதைப்போல நெருப்புப் பழக்கினார். பக்கத்து வீட்டுச் சாச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இந்த அடுப்புக்குப் பல்லு முளைத்துவிட்டதா என்று தினமும் விசாரிப்பார்.

பழகிய பிறகு அது எங்கள் வீட்டில் ஓர் ஆளாகிவிட்டது. மழை வெளித்த பின்னேரங்களில் மச்சான் காய்ந்த முந்திரிக்கட்டையை இரண்டு மூன்றாக வைத்து மூட்டுவார். மண்ணெண்ணெய் கிட்டவும் வரக்கூடாது, சிரட்டை கூடாது, ஈர விறகு கூடாது. பிள்ளைகள் தொடாதிருக்கச் சுற்றிவர ஒரு கோடு. அணைப்பதென்றால் தண்ணீர் இல்லை. விறகைப் பிரித்து மணலைத் தூவி, தானாக ஆறும்வரை பக்கத்திலேயே இருப்பார். மறுநாள் காலையில் சாம்பலை அள்ளிக் கத்தரிச் செடிக்குப் போடுவார். மழை வரும்போலிருந்தால், ஆறிய அடுப்புக்குத் தகர மூடி; மண் ஈரத்தைக் குடித்தபிறகு சூடேறினால் வெடித்துவிடும் என்பார். உம்மா முதலில் முகத்தைச் சுழித்தவர்தான். அதன் வாய்க்குள் சுட்ட மரவள்ளிக்கிழங்கையும் கீரி மீனையும் தின்ற நாளிலிருந்து எங்கள் உம்மாதான், “மகன், இண்டைக்கு மூட்டல்லியா?” என்று கேட்பவர். வாப்பா மட்டும் தூரத்தில், நடுவீட்டு வாசலில் இருந்து பார்ப்பார். அவருக்கென்று ஒரு கிழங்கு தட்டில் போகும். தட்டு வெறுமையாகத் திரும்பி வரும்.

அந்த மாரியிலேயே, எழுபத்தெட்டில், ராத்தாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. சின்ன உடம்பு, கோழிக்குஞ்சைப்போல. பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியவில்லை, தாயும் பிள்ளையும் மேற்கு அறையில் இருந்தார்கள். அப்போதுதான் சூறாவளி வந்தது. வானொலியில் ஏதோ சொன்னார்கள், நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. பகல் சாயும்போது காற்றின் சத்தம் மாறியதும் மச்சான் முகம் மாறியது. கடலில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர் அவர். கதவுகளுக்குக் குறுக்கே சட்டம் அடித்தார், ஆட்டை அவிழ்த்து உள்ளே விட்டார், பிறகு வளவுக்கு ஓடிப்போய் அந்தக் கப்பலடுப்பைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கூரை போகப்போகிற நேரத்தில் பானையைக் காப்பாற்றுகிறாரே என்று எல்லாருக்கும் ஆத்திரம். அவர் அதைச் சாக்கால் சுற்றி ராத்தாவின் கட்டிலுக்கடியில் படுக்கவைத்துத் தள்ளி, ஒரு கட்டுக் காய்ந்த விறகையும் பக்கத்தில் வைத்தார்.

காற்று வீசிய நேரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். விடிந்து வெளியே பார்த்தபோது ஊர் வெளித்துக் கிடந்தது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. எங்கள் குசினி இருந்த இடத்தில் அம்மிக்கல் மட்டும் இருந்தது. நடுவீட்டு ஓடுகள் இல்லை. மேற்கு அறை மட்டும் தலையோடு தப்பியிருந்தது. மழை விடவில்லை. நனையாத துணி ஒன்றுமில்லை. ராத்தா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துச் சேலைக்குள் வைத்திருந்தார். பிள்ளையின் கைகால் குளிர்ந்து, அழும் சத்தமும் சிறுத்துக்கொண்டு வந்தது. சுடுதண்ணீர் வேண்டும். தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு இல்லை. காய்ந்த ஈர்க்கு ஒன்று கிடையாது.

வாப்பா அறைக்குள் வந்தார். கட்டிலுக்கடியில் இருந்த சாக்குப்பொதியைப் பார்த்தார். உம்மாவைத் தேடவில்லை; மச்சானின் முகத்தைப் பார்த்தே சொன்னார்: “மாப்பிள்ள, அதை இஞ்ச, உள்ளுக்க வெச்சே மூட்டுங்க. கதவச் சாத்தினாக் காத்து வராது.”

“உள்ளுக்க மூட்ட மாட்டன் மாமா” என்றார் மச்சான்.

அந்த வீட்டில் வாப்பாவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை வெறைக்கிது” என்றார் வாப்பா.

“ஓம் மாமா. அதுக்குத்தான் சொல்லுறன். கப்பல்ல ரெண்டு பேர் குளிருக்கு அறையப் பூட்டிக்கிட்டு உள்ளுக்க கரி நெருப்பு வெச்சிப் படுத்த. காலையில நான்தான் கதவ ஒடைச்ச. ரெண்டு பேரும் நித்திரையிலயே மௌத்து. உடம்புல ஒரு காயமில்ல. வெளிய மூட்டுவம். நீங்க மட்டும் கொஞ்சம் வாங்க.”

வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்.

கிணற்றடிச் சீமெந்துத் தளத்தில் அடுப்பை வைத்தார்கள். எங்கோ பறந்துவந்து கிடந்த கூரைத் தகரமொன்றை வாப்பா காற்றுப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். இன்னொன்றை நானும் உம்மாவும் மழைக்கு மறைவாகச் சரித்துப் பிடித்தோம், கழுத்துக்கு மேலே வெளி விட்டு. “இன்னம் கொஞ்சம் இடப்பக்கம் மாமா” என்று மச்சான் சொல்ல, வாப்பா மறுபேச்சில்லாமல் இடப்பக்கம் நகர்ந்தார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சானோ அந்த அவசரத்திலும் அவசரப்படவில்லை. சின்னச் சுள்ளி நான்கு, பிறகு இன்னும் நான்கு. ஒருமுறை உடைந்தால் இன்றைக்கு வேறொன்றில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். மண் மெல்லச் சூடேறியதும் வாய்க்குள், தணலோரமாக, ஒரு சட்டித் தண்ணீரை வைத்தார். கழுத்திலிருந்து வெள்ளைப் புகை நேராக எழும்பியது. அதைக் கண்டு எங்கிருந்தோ ஒருவர் “நெருப்பு இரிக்கி” என்று உரத்துச் சொன்னது கேட்டது.

உள்ளே போன சுடுதண்ணீரைப் போத்தல்களில் அடைத்துத் துணி சுற்றிப் பிள்ளையின் இரு பக்கமும் வைத்தார்கள். ராத்தா சூடாகக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் அறைக்குள்ளிருந்து பிள்ளை வீறிட்டு அழுதது. நல்ல கோபத்தோடு, முழுச் சத்தத்தோடு. வாப்பா பிடித்திருந்த தகரம் நடுங்கியது. காற்று என்றுதான் அவர் பிறகு சொன்னார்.

மத்தியானத்துக்குள் தெருவே எங்கள் கிணற்றடியில் நின்றது. சாச்சி தன் பானையில் தப்பிய அரிசியோடு வந்தார். மீன்பிடிக்கும் தமிழ்க் குடும்பமொன்று கடற்கரையிலிருந்து நனைந்தபடி கைப்பிள்ளையோடு வந்தது. அவர்களுக்குத்தான் முதல் கஞ்சி போனது. ஒரு நேரத்தில் ஒரு பானைதான் வைக்கலாம். வாய்க்குள் பெரிய கட்டையைத் திணிக்க வந்தவர்களை வாப்பா தடுத்தார்: “அதுக்குக் கணக்கிரிக்கி. மாப்பிள்ளையக் கேளுங்க.” பசியோடு நின்றவர்கள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அதற்குச் சில நாட்களின் பின் முகவர் ஆளனுப்பினார். கப்பல் வந்துவிட்டது, உடனே கொழும்புக்கு வரவேண்டும். மச்சான் தோல்பெட்டியை வெயிலில் காயவைத்தார். பின்னேரம் அடுப்பை மூட்டிவிட்டு அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது வாப்பா நடுவீட்டிலிருந்து தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை நெருப்புக்கு ஒரு பக்கம் வைத்தார். திரும்பிப் போய் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து மறுபக்கம் வைத்தார். “இரிங்க” என்றார். மச்சான் தயங்கித் தயங்கி நுனியில் இருந்தார்.

“கப்பல் போனாப் போகட்டும்” என்றார் வாப்பா. “வீட்டக் கட்டி எழுப்போணும். எனக்குத் தனியா ஏலாது மாப்பிள்ள.”

மச்சான் தன் தோல்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். “கட்டுவம் மாமா” என்றார்.

அவர் போகவில்லை. வீட்டைக் கட்டி முடித்து, கடற்கரையில் வள்ளங்களின் இயந்திரம் திருத்தும் பட்டறையொன்றும் போட்டார். எண்பதுகளின் நடுவில் எனக்கு வீடு கட்டியபோது வாப்பா கிணற்றுக்கு இடம் பார்த்த கையோடு கப்பலடுப்புக்கும் இடம் பார்த்தார். வேலியிலிருந்து தானே எட்டுவைத்து அளந்தார். என் கணவருக்கு அதன் சட்டதிட்டம் முழுவதையும் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று என் கணவர் கேட்டாராம். “பொளந்திரும். நான் ஊத்திப் பாத்தவன்” என்றாராம் வாப்பா, பெருமையோடு.

இப்போது என் மகன் கட்டாரிலிருந்து இரும்பில் ஒன்று அனுப்பியிருக்கிறான். பளபளப்பாக இருக்கிறது, உடையாது, துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசினால் போதும். மச்சான் வந்து சுற்றிவரப் பார்த்து, தட்டிப் பார்த்து, பரவாயில்லை என்றார். பொத்துவிலில் இருக்கும் தன் மகளிடம் போய்வரச் சொல்லி அவரை நாங்கள் எல்லாரும் கெஞ்சுகிறோம். அன்று குளிரில் விறைத்த பிள்ளைதான் அது, இப்போது பள்ளிக்கூட ஆசிரியை, தன் வாப்பாவை வரச்சொல்லித் தினமும் போன் எடுக்கிறாள். ஏழு கடலும் சுற்றிய மனிதர், அவ்வளவு தூரம் பஸ்ஸில் போனால் தலை சுற்றுகிறது என்கிறார்.