வராதவர்கள் பட்டியல்

எர்லீன் காடிஸ் எங்கள் பள்ளியின் முன்னறையில் பத்தொன்பது வருடம் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தார். அதற்குள் அந்தக் கட்டிடத்துக்கு மூன்று பெயர் மாறிவிட்டது. முதலில் அது டெட்ராய்ட் மாநகரப் பள்ளி. நகரம் கைகழுவியதும் ஒரு கம்பெனி எடுத்து நடத்தியது. அது ஓடிப்போனதும் இன்னொரு கம்பெனி வந்து, ‘கோல்டன் லேடர் அகாடமி’ என்று பெயர் வைத்து, வாசலில் மஞ்சள் ஏணி ஒன்று வரைந்தது. அந்த ஏணிக்கு நேர்கீழே, கூரை ஒழுகும் தண்ணீருக்கு நாங்கள் வாளி வைத்திருந்தோம். பணம் அரசாங்கத்துடையது, நிர்வாகம் கம்பெனியுடையது, வாளி எங்களுடையது.

நான் பர்னெல், விளையாட்டு ஆசிரியன். மூன்றாம் வகுப்புக்கென்று வந்த ஆசிரியை நவம்பர் மாதத்தில் ஒருநாள் மதியம் சாப்பிடக் காருக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. மறுநாளிலிருந்து மூன்றாம் வகுப்புக் கணக்கும் என் தலையில் விழுந்தது. எனக்குப் பந்து எறியத் தெரியும்; பின்னம் எனக்கே தகராறு. வாசிப்புப் பாடத்தைக் கணினித் திரை நடத்தியது. கம்பெனி அரசாங்கத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ‘ஆசிரியர் காலியிடம்: இல்லை’ என்று இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவர் எர்லீன்தான். தட்டச்சு செய்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“பாரு பர்னெல், உனக்கே தெரியாம நீ ரெண்டு ஆளாயிட்ட. சம்பளம் ஒண்ணுதான், அதை மட்டும் கேக்காத.”

பள்ளிக்குத் தலைமையாசிரியையும் உண்டு. அந்த வருடத்தில் அவர் மூன்றாவது ஆள்; பெயர் நினைவில் நிற்பதற்குள் போய்விட்டார். உண்மையில் பள்ளியை ஆட்டி வைத்தவன் கிரெக் ஸ்ட்ரோபெல். கம்பெனியின் ‘செயல்திறன் இயக்குநர்’. நகரத்துக்கு வெளியே, புல்வெட்டிய பணக்காரத் தெருவிலிருந்து வாரம் இரண்டு நாள் வருவான். பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் கறுப்பர்கள், தொண்ணூற்றைந்து பேர் இலவசச் சாப்பாடு என்பது மட்டும் தூக்கத்திலும் சொல்வான். மதிப்பெண் குறைந்தால் அந்தக் கணக்கு அவனுக்குச் சாக்கு. நன்கொடை கேட்டு விருந்துக்குப் போனால் அதே கணக்கு அவனுக்குப் பெருமை. எங்கள் பிள்ளைகளின் தோலும் பசியும் இப்படி ஒருவனுக்கு இரண்டு வழியிலும் உதவியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஸ்ட்ரோபெல்லின் சொந்தத் தயாரிப்பு ஒன்று மாடி நடையில் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. நன்றாக வாசிப்பவர்களுக்குப் பச்சை, தேறிவிடும் என்றால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு. எட்டு வயசுப் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகும்போதும் வரும்போதும் தங்கள் நிறத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அக்டோபர் மாதத்து முதல் புதன்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிகளில் தலை எண்ணும் நாள். அன்றைக்கு எத்தனை தலை இருக்கிறதோ அதற்குத்தான் அந்த வருடத்துப் பணம். அதனால் அன்று பீட்சா, பாப்கார்ன், இரவு உடையிலேயே வரலாம் என்ற சலுகை. காய்ச்சல் பிள்ளையைக்கூடப் போர்வையோடு தூக்கி வரச் சொல்லி எர்லீன் போன் செய்வார். சிவப்பு அட்டைப் பிள்ளைகள் ஸ்ட்ரோபெல்லுக்குத் தங்கமாகத் தெரிவது அந்த ஒரு நாள்தான். வியாழக்கிழமை விடிந்ததும் அவர்கள் சுமை. ஏப்ரல் பரீட்சைக்குள் அவர்களைக் கழற்றிவிட வேண்டும்.

கழற்றிவிடுவதற்கு ஒரு வாக்கியம் இருந்தது. ஸ்ட்ரோபெல் அதை அச்சடித்து எர்லீனின் மேஜையில் ஒட்டியிருந்தான். ‘உங்களுக்கு எங்கள் பள்ளி பொருந்தவில்லை என்று நினைக்கிறோம்.’ எர்லீன் பெற்றோருக்குப் போன் செய்து இதைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஜனவரிக்குள் பதினொரு பேருக்குச் சொல்லியிருந்தார். நல்லவர் என்று எழுத உட்கார்ந்தேன், ஆனால் இதை மறைத்தால் நான் பொய்யன். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போய்விடும் என்ற பயத்தில் அவர் போன் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டே கேட்டிருந்தவன் நான்.

பிப்ரவரியில் இன்னொரு முறை தலை எண்ணுவார்கள். ஆகவே போன பதினொரு பேரின் பெயரையும் பதிவேட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்பது ஸ்ட்ரோபெல்லின் உத்தரவு. பிள்ளைகள் வேறு பள்ளியில் இருப்பார்கள். எங்கள் கணினி தினமும் காலையில் அவர்களை வராதவர்கள் என்று அச்சடித்துத் தரும்.

இந்தத் தாள்தான் ஜமேஷா ரட்டுக்குப் பாடப்புத்தகமானது. ஜமேஷா மூன்றாம் வகுப்பு. மூன்று வருடத்தில் நான்கு பள்ளி மாறி வந்தவள். செப்டம்பரில் அவளுக்குத் தன் பெயரைத் தவிர ஒரு சொல் வாசிக்கத் தெரியாது. கணினித் திரையின் முன் உட்கார வைத்தால் நாற்காலியைத் தள்ளிவிடுவாள், உடனே முன்னறைக்கு அனுப்பிவிடுவோம். தினமும் காலை எட்டரைக்கு எர்லீனின் மேஜையோரம் வந்து முறைத்துக்கொண்டு நிற்பாள்.

“வந்துட்டியா, மகாராணி? சும்மா நிக்காத. எனக்குக் கண்ணாடி வீட்டுல. இந்தத் தாள்ல யாரெல்லாம் வரலன்னு சொல்லு, நான் போன் போடணும்.”

கண்ணாடி அவர் கழுத்திலேயே தொங்கியது. ஜமேஷா அதைப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியாது, மிஸ் காடிஸ்.”

“முதல் எழுத்து தெரியும்ல? அதைச் சொல்லு. மீதியை நான் கண்டுபிடிக்கிறேன். இந்த ஸ்கூல்ல எனக்குத் தெரியாத புள்ள யாரு?”

அப்படித்தான் ஆரம்பித்தது. அப்படிப் போனவர்களின் பெயர்கள் தினமும் வந்ததால் முதலில் அவை மனப்பாடமாயின. பிறகு அவற்றின் துண்டுகளை வைத்து மற்றப் பெயர்களை உடைத்தாள். நவம்பர் கடைசியில் வரும் நன்றிப் பெருநாள் விடுமுறைக்குள் மதியச் சாப்பாட்டுப் பட்டியல் வாசித்தாள். கிறிஸ்துமஸுக்குள் எர்லீனுக்கு வந்த கடிதங்களை வாசித்து, “இது உங்க பல் டாக்டர், ரெண்டாவது தடவையா திட்டுறாரு” என்றாள். கம்பெனியின் திரை ஒரு வருடத்தில் செய்யாததை ஒரு குமாஸ்தா நான்கு மாதத்தில் செய்துவிட்டார். சுவரில் அவள் அட்டை மட்டும் சிவப்பாகவே இருந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் வாசிப்பு ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். திரைக்கு ஏது கை?

ஜனவரி கடைசித் திங்கட்கிழமை ஸ்ட்ரோபெல் ஒரு சீட்டைக் கொண்டுவந்து வைத்தான்.

“ரட் பொண்ணு. வெள்ளிக்கிழமைக்குள்ள அப்பாகிட்ட பேசிடுங்க.”

“அவ இப்போ படிக்கிறா, மிஸ்டர் ஸ்ட்ரோபெல். கூப்பிட்டுக் கேளுங்க.”

“அட்டை சிவப்புதானே?”

“அட்டை உங்களோடது. புள்ள இங்க நிக்குதே!”

“எர்லீன், நான் எண்களைப் பாத்துதான் பேசுவேன்.” சொல்லிவிட்டு அவன் காப்பிக் கோப்பையோடு போய்விட்டான். பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்கும் மரியாதை அவனுக்கு எந்த எண்ணில் எழுதியிருந்ததோ.

ஜமேஷா மேஜைக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள். வாசிக்கக் கற்றவளிடம் சீட்டை மறைக்க முடியுமா?

“அடுத்து இந்த லிஸ்ட்ல என் பேரும் வருமா, மிஸ் காடிஸ்? அப்புறம் அதை யார் படிப்பா?”

எர்லீன் சீட்டை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். செவ்வாய் முழுவதும் போனைத் தொடவில்லை. புதன்கிழமை, பள்ளிக்கு உரிமம் கொடுத்திருந்த பல்கலைக்கழகத்திலிருந்து அதைப் புதுப்பிக்க மூன்று பேர் வந்தார்கள். அன்று காலையில் ஸ்ட்ரோபெல் சிவப்பு அட்டைப் பிள்ளைகளை எல்லாம் விளையாட்டுக் கூடத்தில் அடைத்து, கதவைச் சாத்தி, என்னைக் காவல் வைத்தான். தலையை எண்ணிப் பார்த்தேன், ஒன்று குறைந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருடத்தில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

எட்டே முக்காலுக்கு ஒலிபெருக்கியில் ஒரு பிள்ளை மதியச் சாப்பாட்டை வாசிப்பது எங்கள் வழக்கம். ஸ்ட்ரோபெல் தேர்ந்தெடுத்த பச்சை அட்டைப் பையன் பனியில் மாட்டிக்கொண்டு வரவில்லை. எர்லீன் ஜமேஷாவை நாற்காலியில் ஏற்றி மைக்கை அவள் வாயருகே இழுத்தார். அவள் வாசிப்பதை அந்த மூன்று பேரும் காதால் கேட்டுவிட்டால் பிறகு அவளை எப்படித் தள்ளுவார்கள் என்பது மட்டுமே அவர் கணக்கு. இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

கோழித் துண்டு, சோளம், பேரிக்காய், பால். ஜமேஷா தடுமாறாமல் வாசித்தாள். கூடத்தில் இருந்த சிவப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். வாசித்து முடித்தவள் நிறுத்தவில்லை. சாப்பாட்டுத் தாளுக்குப் பிறகு எந்தத் தாள் என்பது அவளுக்குத் தினசரிப் பழக்கம். மேஜையில் கிடந்த அதை எடுத்தாள்.

“இன்னிக்கு வராதவங்க. டெவின் ஆஷ்ஃபோர்ட். மொனே பிகெட். கீத் காலவே...”

எர்லீனின் கை மைக்கின் பொத்தான் மேல்தான் இருந்தது. அழுத்தியிருந்தால் நின்றிருக்கும். அழுத்தவில்லை. தானே போன் செய்து அனுப்பிய பதினொரு பெயரும் பள்ளி முழுவதும் ஒலித்து முடியும்வரை அப்படியே நின்றார்.

கூடத்தில் என்னிடம் ஒரு சின்னப் பெண் கேட்டாள்: “சார், மொனே இப்போ வேற ஸ்கூலுக்குத்தானே போறா? அவளை ஏன் கூப்பிடுறாங்க?”

மூவரில் தலைவர், கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்ட மனிதர், ஸ்ட்ரோபெல்லைப் பார்த்து, “இத்தனை பேரா? எல்லாரும் ஒரே நாள்லயா?” என்றாராம்.

“காய்ச்சல் சார். ஊர் பூரா பரவுது.”

அவர் குறிப்பேட்டில் ‘காய்ச்சல்’ என்று எழுதிக்கொண்டார். படித்த மனிதர், மூன்று பட்டமாம். பிறகு, “அந்தப் பொண்ணு அருமையா வாசிக்கிறாளே, யாரு?” என்று கேட்டார். ஸ்ட்ரோபெல் ஒரு நொடியும் விடவில்லை. “எங்க சாதனைக் குழந்தைகள்ல ஒருத்தி சார். எங்க வாசிப்புத் திட்டத்துல வந்தவ!”

உரிமம் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஸ்ட்ரோபெல் எர்லீனை அழைத்து, எங்கள் பள்ளி உங்களுக்குப் பொருந்தவில்லை என்று நினைக்கிறோம் என்றான். மேஜையில் ஒட்டியிருந்த வாக்கியம்தான். புதிதாக ஒன்று யோசிக்கக்கூட அவனுக்குச் சோம்பல். எர்லீன் தன் குவளையையும் கழுத்துக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது அந்த வாக்கியத்தை மேஜையிலிருந்து உரித்துக் குப்பையில் போட்டார். பத்தொன்பது வருடத்துக்கு நாங்கள் கொடுத்தது கடைக் கேக் ஒன்று, அதில் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

மார்ச்சில் பள்ளியின் முன்சுவரில் மஞ்சள் ஏணியை மறைத்து இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பதாகை தொங்கியது. அதில் ஜமேஷா பல் தெரியச் சிரித்தாள். கீழே ‘ஒவ்வொரு குழந்தையும் எங்கள் குழந்தை’ என்று இருந்தது. அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் எர்லீனைப் பார்த்தேன். இப்போது ஒரு மலிவுவிலைக் கடையில் நிற்கிறார். பதாகையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“பாத்தேன். பக்கத்துல போய் ஓரத்தைப் பிடிச்சும் பாத்தேன்” என்றார். “தடிச்ச துணி, பர்னெல். நாலு வருஷம் தாங்கும். அது தொங்குற வரைக்கும் அந்தப் புள்ளைய எவனாலயும் அசைக்க முடியாது.”