எட்டு மாதம் யாரும் சொல்லவில்லை: மலர்விழி சிஸ்டர் நினைவாக

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஏழுமலை அண்ணன். "தம்பி, மலரு பூட்டாப்பா," என்றார். அவர் மனைவி மலர்விழி சிஸ்டருக்கு நாற்பத்தாறு வயது.

சிஸ்டரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புற்றுநோய் முற்றுவதற்கு முன்பே ரத்தத்தில் சில புரதங்கள் கூடுகின்றனவா, அதை வைத்து நோயைச் சீக்கிரமே பிடிக்க முடியுமா என்பதுதான் எங்கள் கூடத்தின் ஆய்வு. அதற்காக மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் வரை மீனவர் குப்பங்களில் பெண்களிடம் ரத்தம் எடுத்து, ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டியோடு கொண்டுவந்த நர்ஸ் அவர். ரத்தம் அடைத்த அந்தச் சோதனைக் குழாய்களை ஆராயும் டெக்னீஷியன் நான்.

ஒருமுறை நானும் உடன் போயிருந்தேன். மீன்கூடையை இறக்கி வைத்த ஓர் அம்மா கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "ரத்தம் எடுத்துகினு போறியே, உள்ள இன்னா கீதுன்னு வந்து சொல்வியா?"

"சொல்லாம இன்னாம்மா?" என்றார் சிஸ்டர்.

திரும்பியதும் நேரே தலைமை ஆய்வாளரின் அறைக்குப் போய், முடிவுகளை அந்தப் பெண்களிடம் சொல்லலாமா என்று கேட்டார். சோதனை இன்னும் உறுதிப்படவில்லை, வீண் பீதி கிளம்பும், முடிவைச் சொல்ல விதியில் இடமில்லை என்றார் ஆய்வாளர். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சிஸ்டர் கேட்டது வேறு.

"கேன்சர்னு சொல்லச் சொல்லலை சார். ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கோன்னு சொல்லக்கூடாதா? ஊசி குத்தும்போது பேரு கேக்கறோம். முடிவு வந்தா வெறும் நம்பரா?"

மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்றும் கோப்பில் கிடக்கின்றன.

ஊழியர்களான நாங்களும் அந்த ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தோம். ஒருநாள் ஒரு குழாயில் புரத அளவு மிக உயர்ந்திருந்தது. குழாயில் பெயர் இராது. எண்ணை, அளவு உயர்ந்தவர்களின் பட்டியல் தாளில் எழுதி மேலே அனுப்பிவிட்டு, கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

எட்டு மாதம் கழித்து, வயிறு உப்பிப்போய், செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தார் சிஸ்டர். சினைப்பைப் புற்றுநோய், வயிறு முழுக்கப் பரவியிருந்தது. தன் எண்ணைத் தேடித்தரச் சொன்னார். நான்தான் கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன்; அன்று நான் எழுதி அனுப்பிய எண் அவருடையது. தேதியைப் பார்த்தார். "எட்டு மாசம், தம்பி," என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இரண்டாவது கீமோ முடிந்த வாரம், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, தலைமை ஆய்வாளரின் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "எனக்கு நேரம் போச்சு. அந்தத் தாள்ல இருக்கற மத்தவங்களைக் கூப்பிடுங்க."

மூன்று நாள் வந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். அதுவரை வளையாத விதி, ஒரே மதியத்தில் வளைந்தது! வந்தவர்களில் பலருக்கு ஒன்றுமில்லை. சதுரங்கப்பட்டினத்துப் பெண் ஒருவருக்கு மட்டும் சிறு கட்டி. அறுவை செய்து எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். படுக்கையில் இருந்த சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கும் வாழ ஆசை இருந்தது. தியாகி என்று யாரும் எழுத வேண்டாம்.

அடக்கத்தன்று கூடத்திலிருந்து பெரிய மலர்வளையம் வந்தது. ரிப்பனில் 'அர்ப்பணிப்பின் மறுபெயர்' என்று எழுதியிருந்தது. ஏழுமலை அண்ணன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இத வூட்டாண்ட வெக்காதீங்க. எடுத்துகினு போங்க."

கொண்டுவந்த டிரைவர் தயங்கி நின்றார். நானே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் திரும்ப ஏற்றிக் கதவைச் சாத்தினேன்.

போய் வாருங்கள், சிஸ்டர். என் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.