நூற்றேழு வயதில் மாமியாரானவர்

மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தின் வரவேற்பு மேசையில் றோசலின் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். யார் யாரைக் கொண்டுவந்து சேர்க்க வருகிறார்கள் என்று வாசற்கதவு திறக்கும்போதே கண்டுபிடித்துவிடுவாள். ஒரே ஒரு தரம்தான் அவளுடைய கணிப்புப் பிழைத்தது.

ஏப்ரல் மாதம், பனி உருகிச் சேறாகக் கிடந்தது. டாக்சியிலிருந்து குருவி போல ஒரு ஜப்பானியக் கிழவி இறங்கினார். பின்னால் ஊன்றுகோலோடு ஒரு கிழவர். றோசலின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிழவியிடம் ஓடினாள்.

"எனக்கில்லை, இவனுக்கு," என்றார் அவர். "என்ரை மகன் கென். எண்பத்து மூண்டு வயசாச்சு. அடுப்பை நிப்பாட்ட மறக்கிறான். இனி இவனை வைச்சுப் பார்க்க என்னால ஏலாது."

அவர் பேசியது ஆங்கிலம்தான். வீட்டில் கதை சொல்லும்போது றோசலின் அவரைத் தன் தமிழிலேயே பேசவைப்பாள்.

படிவத்தில் தாயின் வயது நூற்றேழு என்று இருந்தது. எழுத்துப் பிழையாக்கும் என்று றோசலின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிழையில்லை.

பெயர் மிட்சுயே. கைக்குழந்தையாகக் கப்பலில் வன்கூவருக்கு வந்தவர். கணவருக்கு மீன்பிடிப் படகு இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் வந்ததும், ஜப்பானியர் என்பதால் கனடா அரசாங்கம் படகையும் வீட்டையும் எடுத்துக்கொண்டு, ஒரு வயதுக் கென்னோடு அவர்களை மலைக்குள் ஒரு முகாமுக்கு அனுப்பியது. மன்னாரில் பிறந்த றோசலினுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. யுத்தம் முடிந்து மொன்றியலுக்கு வந்த சில வருடங்களில் கணவர் இறந்துபோக, மிட்சுயே எழுபது வயதுவரை ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைத்தார்.

அந்தக் கோடை முழுக்க, ஞாயிறு தவறாமல் தூரத்து அஹுன்ட்சிக்கில் இருந்த தன் வீட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்தார். கென்னின் நகத்தைப் பார்ப்பார், காலுறையை முகர்ந்து பார்ப்பார். அவரைக் கண்டால் தொண்ணூறு வயதுக்காரர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். நீங்களும் இங்கேயே தங்கலாமே என்று நிர்வாகி கேட்டபோது, "வயசு போன ஆக்களோடை எனக்குச் சரிவராது," என்றுவிட்டார்.

செப்டம்பரில் கென் கூச்சத்தோடு றோசலினிடம் வந்தார். கடைசி அறையில் இருக்கும் ஜினெற்றைக் கலியாணம் கட்டப் போகிறாராம். ஜினெற் முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர்.

"அம்மாவுக்கு நீங்கள் சொல்லுறீங்களோ, பிள்ளை? முந்தி நான் விரும்பின ரெண்டு பேரை வேண்டாமெண்டவ."

"உனக்கேன் இந்தப் புறோக்கர் வேலை?" என்றான் றோசலினின் கணவன் வலன்ரைன். அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேநீரை முன்னால் வைத்துவிட்டு மெல்லத் தொடங்கினாள்.

"பெட்டைக்கு என்ன வயசு?" என்றார் மிட்சுயே.

"எண்பத்தாறு."

"மூண்டு வயசு மூப்பு! இவனுக்கு வேற ஆள் கிடைக்கேல்லையோ?"

"நல்ல குடும்பம், அம்மா. கூடப்பிறந்தது ஏழு பேர்."

"குடிப்பாவோ?"

"கிறிஸ்மசுக்கு மட்டும்."

மிட்சுயே தேநீரைத் தொடாமல் எழுந்து நேரே ஜினெற்றின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாற்பது நிமிடம். நடையில் இருந்த பூச்சாடிக்கு றோசலின் மூன்று தரம் தண்ணீர் ஊற்றினாள். கென் சுவரில் சாய்ந்து நின்று வியர்த்தார்.

உள்ளே நடந்ததை ஜினெற் பிறகு சொன்னார். கிழவி கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "இவனுக்கு முன்னம் செத்துப்போகமாட்டீர்தானே?"

"வாக்குத் தரமாட்டன். முயற்சி செய்வன்," என்றிருக்கிறார் ஜினெற்.

மிச்ச நேரமெல்லாம் மகனுடைய குறைகளை ஒவ்வொன்றாக ஒப்புவித்திருக்கிறார் மிட்சுயே. மாத்திரையை விழுங்காமல் கன்னத்துக்குள் ஒளிப்பான் என்பதும் அதில் ஒன்று.

நவம்பரில் சாப்பாட்டு மண்டபத்தில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளையின் காற்சட்டை நீளத்தை மிட்சுயேதான் மடித்துத் தைத்தார். கென் அழுதார். "மூக்கைத் துடை," என்றார் தாய்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. றோசலின் அவருடைய வீட்டுக்கு அழைத்தாள். ஒன்பது தரம் மணி அடித்த பிறகே போனை எடுத்தார்.

"என்னம்மா, சுகமில்லையோ?"

"நல்ல சுகம். நித்திரை கொண்டனான். அவனுக்கு இப்ப மனிசி இருக்கு. நாப்பத்தொண்டாம் ஆண்டிலை அவன் பிறந்ததிலையிருந்து நான் நிம்மதியாக் கண்ணை மூடேல்லை. நீர் எழுப்பிப்போட்டீர்!"

இப்போது மாதத்துக்கு ஒரு தரம்தான் வருகிறார். காலுறையை முகர்வதில்லை. ஜினெற் ஊற்றிக் கொடுக்கும் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, சாயம் காணாது என்று குறை சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுகிறார்.