சாக்பீஸில் எழுதிய இருபத்தாறு

அந்த உருளையின் தோளில் சாக்பீஸால் எழுதியிருந்த 26 இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மதுரைக்கு வெளியே ஒரு வாயு நிரப்பும் ஆலையில் நான் பதிவேட்டு எழுத்தராக இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு எழுதப்பட்ட எண் அது. எழுதியவர் எங்கள் ஆபரேட்டர். டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கூலி வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கிய பெண்.

தொட்டிகளுக்குள் இறங்கும் தொழிலாளர்கள் முகமூடி வழியே சுவாசிக்கும் காற்றை நாங்கள் கலந்து கொடுத்தோம். உருளைக்குள் மொத்த அழுத்தம், அதன் அலகான ‘பார்’ கணக்கில், நூறு. அதில் ஆக்சிஜனின் பங்கு இருபத்தொன்று, மீதி நைட்ரஜன். சுவரில் ஒட்டிய சார்ட்டின்படி, அழுத்தமானியின் முள் இருபத்தொன்றுக்கு வரும்வரை ஆக்சிஜன், பிறகு நூறு வரை நைட்ரஜன். அன்று நிரப்பிய பன்னிரண்டு உருளைகளையும் தரையில் உருட்டிக் கலந்து சோதித்தபோது, எல்லாவற்றிலும் ஆக்சிஜன் பதினாறுதான் இருந்தது. அதை நம்பி இறங்குகிறவர் மயங்கி விழக்கூடும்.

“போன் பாத்துக்கிட்டே நிரப்புனியாம்மா? நாளையிலருந்து வர வேணாம்” என்றார் மேனேஜர்.

ஆபரேட்டர் அழவில்லை. என் பக்கம் திரும்பினார். “அண்ணே, இதெல்லாம் வரும்போது முள்ளு எம்புட்டுக் காட்டுச்சு? ஒங்க நோட்டுல இருக்கும்ல?”

இருந்தது. ஈரக்காற்று புகாமலிருக்க, காலி உருளையிலும் கொஞ்சம் வாயுவை மிச்சம் வைத்துத் திருப்பி அனுப்புவது வழக்கம். பன்னிரண்டும் அதுவரை நைட்ரஜனுக்குப் பயன்பட்டவை. ஒவ்வொன்றிலும் ஐந்து பார் என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். எழுதியதோடு சரி; அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை.

“எது ஆக்சிஜன், எது நைட்ரஜன்னு முள்ளுக்குத் தெரியுமா சார்? மொத்தத்தத்தான காட்டும். உள்ள கெடந்தது அஞ்சு, நான் ஏத்துனது பதினாறு. ஒங்க சார்ட்டு சுத்தமா காலியான உருளைக்கு எழுதுனது.”

அந்தப் பன்னிரண்டோடு லாரியில் வந்து, நிரப்பாமல் நின்ற பதின்மூன்றாவது உருளையில் அவர் 26 என்று எழுதினார். அதிலும் மிச்சம் கிடந்த ஐந்தும், வேண்டிய இருபத்தொன்றும். அதுவரை ஆக்சிஜன், பிறகு நூறு வரை நைட்ரஜன். உருட்டி, சோதனைக் கருவியில் இணைத்தோம். எண் பதினெட்டு, இருபது என்று ஏறி இருபத்தொன்றில் நின்றது. லாரியில் உருளை ஏற்றுகிறவர்கள் கைதட்டினார்கள்.

மேனேஜர் கருவியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். “சரிம்மா, சார்ட்ட மாத்திருவோம்.”

“நாளையிலருந்து வர வேணாம்னு அதுகிட்டயும் சொல்லிருங்க சார்.”

மேனேஜரே சிரித்துவிட்டார்.

இன்று அந்த ஆலையின் மேனேஜர் அந்த ஆபரேட்டர்தான். சென்ற வாரம் போயிருந்தேன். நிரப்பக் காத்திருந்த உருளைகளின் தோள்களில் சாக்பீஸ் எண்கள்: 24, 26, 27.

“அண்ணே, நோட்டு கொண்டாந்தீங்களா?” என்றார்.

கொண்டுபோயிருந்தேன். மூன்று எண்களையும் வரிசையாகக் குறித்தேன். இம்முறை ஒவ்வொன்றுக்கும் எதிரே, உள்ளே இருந்த மிச்சத்தையும் யாரும் சொல்லாமலே எழுதினேன்: 3, 5, 6.